இரண்டு ஏழுகள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்குத் தெரியும்.

"அக்கா, வெளியீட்டுக்கு முந்தின மூண்டாம் பதிப்பு வெளியாலை போயிட்டுது. அதிலை ஒரு சின்னப் பிழை. அதே நம்பரிலையே திருப்பிக் கட்டி வைக்கட்டோ? ஆருக்குத் தெரியப்போகுது?"

நான் ஓய்வு பெற்று மானிப்பாயில் வீட்டோடு இருக்கிறவள். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறவள். என்னிடம் கேட்கிற கேள்வியா இது? அவருக்கு நல்ல ஏச்சு விழுந்தது. தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நமது மென்பொருள் அலுவலகத்தில் ஒரு பதிப்புக்குக் கொடுத்த எண்ணை ஏன் இரண்டாம் தரம் கொடுப்பதில்லை என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. சட்டம் மட்டும் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது வந்த கதை தெரிந்தவர்கள் இப்போது அங்கே ஒரேயொருவர். அவர் கஜன், இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் தலைவராக இருக்கிற கஜன். இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா, பேரையும் போடுங்கோ" என்றான். போட்டுவிட்டேன்.

அப்போது எங்களுக்குக் கண்ணாடி போட்ட கட்டடம் இல்லை. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தகரக் கூரையின் கீழ் ஓர் அறை. நான் கொழும்பில் நீண்ட காலம் இதே தொழிலைச் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் முடித்த சூடு ஆறாத பிள்ளைகள். அறையின் மூலையில், நாங்கள் எழுதுவதைச் செயலியாகக் கட்டும் இயந்திரம் நின்றது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியவர். வெயில் ஏறினால் பெரியவர் மூச்சு வாங்குவார், நாங்கள் மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு இருப்போம். ஒரு பதிப்பைக் கட்டி முடித்ததும் கோயில் மணியும், கட்டுவது பிழைத்தால் ஆட்டின் குரலும் வரும்படி கஜன் செய்து வைத்திருந்தான். கீழே சைக்கிள் கடைக்காரர் ஆரம்பத்தில் நாங்கள் மேலே பூசை செய்து ஆடு வெட்டுகிறோம் என்றே நினைத்திருந்தாராம். இன்றைக்கு அந்த அறையில் ரியூசன் வகுப்பு நடக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது நான் இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன். மனம் கேட்பதில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு திருத்தத்தைச் சேர்த்தவுடன் பெரியவர் போன்ற இயந்திரங்கள் தாமாக எழுந்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, சோதித்து, ஓர் எண்ணைக் குத்தி வெளியே வைக்கின்றன. வரப்போவது 2.0.0 என்றால், அது வருவதற்கு முன் கட்டப்படுகிறவை 2.0.0-பீட்டா.1, 2.0.0-பீட்டா.2 என்று போகும். நடுவில் இருக்கும் சிறு கோட்டைக் கவனியுங்கள். 'இன்னும் வந்து சேரவில்லை' என்பதுதான் அதன் பொருள். பீட்டா.40 என்று போனாலும் அது 2.0.0-க்குக் கீழேதான். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் சுவாமியை ஏற்றுவதற்கு முன் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த வெள்ளோட்டம் போலத்தான். எத்தனை தரம் இழுத்தாலும் அது திருவிழா ஆகாது. அடுத்தது, அந்தக் கடைசி எண்ணை மனிதர் எவரும் கையால் எழுதுவதில்லை. இயந்திரம் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். உங்கள் தொலைபேசியில் இருக்கிற பதிப்பு, வெளியே இருக்கிற எண் தன்னுடையதைவிடப் பெரிதா என்று மட்டும் பார்க்கும். பெரிது என்றால் இறக்கிக்கொள்ளும். சமம் என்றால் பேசாமல் இருந்துவிடும். இவ்வளவும் போதும்.

அந்த நாட்களில் வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். அந்தக் கரையில் கடலுக்கு உள்ளே முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, நீளத்துக்கு ஓடுகிறது. அதை வெட்டி ஒடுக்கமான படகுப் பாதை விட்டிருக்கிறார்கள். வெயில் நாளில் கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள். வாடைக் காற்று நாளில் மழை இறங்கினால் கரையும் தெரியாது, பாதை வாயும் தெரியாது. எங்கள் செயலி படகு நிற்கும் இடத்தை ஒரு நீலப் புள்ளியாகவும் பாதையை இரண்டு கோடுகளாகவும் காட்டும். சோதித்துப் பார்ப்பதற்காகச் சங்கம் பத்துப் பன்னிரண்டு பேரைத் தெரிந்து தந்திருந்தது. அவர்களுக்கு மட்டும் பீட்டாப் பதிப்புகளைக் கொடுத்தோம்.

அவர்களுக்கு மட்டும் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நமது ஊரில் ஒரு சாமானை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியுமா? பலகாரம் என்றாலும் செயலி என்றாலும் வேலிக்கு மேலால் போய்விடும். ஒருவர் தன் தொலைபேசியிலிருந்து மச்சானுக்கு அனுப்ப, மச்சான் சகலனுக்கு அனுப்ப, கொஞ்ச நாளில் பாதிக் கரையிடம் அது இருந்தது. வீட்டுப் பெண்களும் வைத்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. புருசன் கடலுக்குப் புறப்படும்போது இரண்டு தொலைபேசிகளையும் பக்கத்தில் வைத்து, திரையின் அடியில் இருக்கிற எண் ஒன்றுதானா என்று பார்ப்பது. இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன்.

பீட்டா.7 வெளியே போன மறுநாள் கஜன் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தான். பொல்லாத பிழை. திரை அணைந்து திரும்ப எரிந்தால், நீலப் புள்ளி அணைந்த இடத்திலேயே நின்றுவிடும். மேலே மணி ஓடும், காற்றின் வேகம் மாறும், எல்லாம் உயிரோடு இருப்பதுபோலத்தான் தெரியும். புள்ளி மட்டும் நகராது. கஜன் கெட்டிக்காரன், அன்றைக்கே திருத்திவிட்டான். நான் அந்த வாரம் தங்கை மகளின் கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தேன். அவன் திருத்தத்தைச் சேர்க்க, பெரியவர் எழும்பி 'பீட்டா.8' என்று திரையில் காட்டினார். அந்த நேரம் பார்த்துச் சங்கத்துச் செயலாளர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒருகாலம் கப்பலில் உலகம் சுற்றியவர், வெள்ளைச் சேட்டும் விபூதியுமாக இருப்பார்.

"உதென்ன தம்பி, எட்டோ?"

"ஓம் ஐயா, அடுத்தது எட்டு."

"எட்டு வேண்டாம். கடலுக்குப் போற சாமானுக்கு ஆரும் சனியன்ரை நம்பரைப் போடுவினமோ? எங்கடை ஆக்கள் தொடமாட்டினம்."

"அப்ப ஒன்பதாப் போடட்டோ?"

செயலாளர் யோசித்திருக்கிறார். "ஒன்பதைக் கண்டா எட்டெங்கை எண்டு கேப்பினம். எட்டிலை ஏதோ நடந்து மறைச்சுப்போட்டாங்கள் எண்டு கதை கிளம்பும். ஏழு நல்ல நம்பர், சனத்துக்குப் பழகியும் போச்சு. ஏழாவே இருக்கட்டும் தம்பி."

செயலாளரை நான் குறை சொல்லமாட்டேன். எட்டு வேண்டாம் என்று அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எட்டைத் தாண்டி ஒன்பது போட்டிருந்தால் உலகம் கவிழ்ந்திருக்காது. எண்களைத் தாண்டலாம், இயந்திரம் கோபிக்காது. வம்பளக்கிற சனத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கஜனுக்கு வரிசையில் ஓட்டை விழுவது அசிங்கமாகப் பட்டது. வயதில் மூத்தவரோடு வாதாடவும் கூச்சம். பெரியவரின் கணக்கை ஏழிலேயே பூட்டி, திருத்திய பதிப்பையும் பீட்டா.7 என்றே கட்டினான். அவன் மடையன் அல்ல. இரண்டையும் பிரித்தறிய, எண்ணுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு ஓர் அடையாளமும் சேர்த்தான். ஆனால் கூட்டல் குறிக்குப் பின்னால் வருவதை வரிசைக்கு எடுப்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் விதி. தொலைபேசித் திரையிலும் நாங்கள் அதைக் காட்டியதில்லை. பழைய ஏழு தானாக மாறாது என்று அவனுக்கும் தெரியும். அதனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் தானே தொலைபேசி எடுத்து, அழித்துவிட்டுப் புதிதாக இறக்கச் சொன்னான். எல்லோரும் செய்தார்கள். நல்ல பிள்ளையாகத் தன் வேலையை முடித்துவிட்டதாக நினைத்தான்.

வேலிக்கு மேலால் போன பிரதிகளை அவன் நினைக்கவில்லை. அவற்றை வைத்திருந்தவர்கள் 'புதிது வந்திருக்கிறதா' என்று அழுத்திப் பார்த்தபோது, 'உங்களிடம் இருப்பதே புதியது' என்று செயலி பதில் சொல்லியிருக்கிறது. செயலாளரும் சங்கக் கட்டடத்தில் வைத்து, ஏழு வைத்திருக்கிறவர்கள் பயப்படாமல் போகலாம் என்று அறிவித்துவிட்டார்.

நான் கலியாணம் முடிந்து கொழும்பிலிருந்து வந்து வேலைக்குப் போன முதல் நாள். விடியவே வானம் மூடிக்கிடந்தது, பத்து மணியளவில் தகரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காத இரைச்சல். அலுவலகத் தொலைபேசி அடித்தது. கஜன் எடுத்து, கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

"தம்பி, நான் வல்வெட்டித்துறையிலை இருந்து கதைக்கிறன், மலர். ராசன்ரை வீட்டுக்காரி. உங்கடை அப் பிழையாக் காட்டுது."

"என்னண்டு காட்டுதக்கா?"

"நான் குசினிக்கை நிக்கிறன். உது என்னைச் சந்தையடியிலை காட்டுது. காலமை சந்தைக்குப் போனனான்தான். வந்து எவ்வளவு நேரம்."

கஜன் சிரித்தான். "அக்கா, நீங்கள் பழசு வைச்சிருக்கிறியள் போலை. அடியிலை என்ன நம்பர் கிடக்கு?"

"ஏழு. நல்ல ஏழெண்டுதானே சொன்னவை. அவரும் ஏழுதான் கொண்டு போனவர். போக முன்னம் ரெண்டையும் வைச்சுப் பாத்தனாங்கள்."

கஜன் சிரிப்பதை நிறுத்தினான். அவன் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஏழாம் பதிப்பை எத்தினை தரம் கட்டினனீ?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம்."

மிச்சத்தை ஒரே மூச்சில் சொல்லிமுடித்தான். நான் தொலைபேசிக்குக் கிட்ட ஓடினேன். ஏன் என்று சொல்கிறேன். விடியப் போகிறவர்கள் பாதை வாயைத் தாண்டும்வரை செயலியைக் கையில் வைத்திருப்பார்கள். தாண்டியவுடன் அதைப் பொலித்தீன் பையில் சுற்றிப் படகின் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். திரை அணைகிற இடம் அதுதான். மத்தியானம் திரும்பி வரும்போது வெளியே எடுத்துப் பார்த்தால், நீலப் புள்ளி எங்கே நிற்கும்? பாதை வாயில் நிற்கும். படகு எங்கே நின்றாலும் அது பாதை வாய் என்றுதான் காட்டும். மழைக்குள் கரை தெரியாத மனிதர் அதை நம்பிப் படகைத் திருப்புவார். திருப்பினால் முருகைக்கல்.

"மலர், ராசன் அண்ணையின்ரை படகிலை வானொலி செட் இருக்கோ?"

"இல்லையக்கா. ஏன் கேக்கிறியள்? என்ன நடந்தது?"

கஜன் அதற்குள் பெரியவருக்கு முன்னால் பாய்ந்துவிட்டான். பூட்டைக் கழற்றி ஒன்பதைக் கட்டி, எல்லாத் தொலைபேசிக்கும் கட்டாயமாகத் தள்ளப்போகிறேன் என்றான். கரைக்குக் கிட்ட வந்ததும் சிக்னல் கிடைக்கும், தானாக மாறிவிடும் என்றான். விசைப்பலகையில் அவன் விரல்கள் பறந்தன. உங்களில் எவர் என்றாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

"கையை எடு" என்றேன்.

"அக்கா..."

"எடு எண்டு சொன்னன். உது போய்ச் சேந்ததோ இல்லையோ எண்டு எங்களுக்கும் தெரியாது, அந்த மனிசனுக்கும் தெரியாது. புள்ளி பழசிலையும் புதுசிலையும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அவசரத்திலை கட்டினதை நம்பி ஆள் திருப்பினா என்ன செய்வாய்? முதல் ஆளின்ரை குரல் போகட்டும். பெரியவர் அதுக்குப் பிறகு."

தொழிலில் நான் எடுத்த முடிவுகளில் இன்றைக்கும் சரி என்று நினைக்கிற முடிவு அது. நெருக்கடியில் கைக்குப் பழகிய கருவியைத்தான் நாம் முதலில் தேடுவோம். நமக்குப் பழகியது கட்டுவதும் தள்ளுவதும். அந்த நேரத்தில் கடலில் நிற்பவருக்குத் தேவைப்பட்டது புதிய பதிப்பல்ல. கையில் இருப்பதை நம்பாதே என்று ஒருவர் சொல்வதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

மலரிடம் உள்ளதைச் சொன்னேன். மறைத்துப் பேச நேரமும் இல்லை, மனமும் வரவில்லை. "தங்கச்சி, ஏழிலை ரெண்டு விதம் வெளியாலை போயிட்டுது. ஒண்டு பிழை. உங்களிட்டை இருக்கிறது பிழையான ஏழு. அண்ணையிட்டை இருக்கிறதும் அதுதான் போலை. நீங்கள் விடாமல் அவருக்கு அடியுங்கோ. எடுத்தால், அப்பை அணைச்சுப்போட்டுப் பாருக்கு வெளியிலை நிக்கச் சொல்லுங்கோ. மழை விட்டாப் பிறகு கண்ணாலை பாத்து வரட்டும்."

"சரியக்கா" என்றாள் மலர். அவருக்கு அடிக்க உடனே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அடுத்தது செயலாளர். அவர் இருந்த சங்கக் கட்டடத்தில் படகுகளோடு பேசும் வானொலி செட் இருந்தது, ராசனுடையதைத் தவிர மற்றப் படகுகளிலும் இருந்தது. ஏழு வைத்திருக்கிற எல்லோரையும் அணைக்கச் சொல்லுங்கள் என்றேன். அவருடைய குரல் மாறிவிட்டது.

"எல்லா ஏழையுமோ? பிள்ளை, நானல்லோ சனத்துக்கு முன்னாலை நிண்டு ஏழு நல்லதெண்டு சொன்னனான். பிழையான ஏழு வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும் சொல்லுவம்."

"எந்த ஏழெண்டு உங்களாலை பிரிச்சுச் சொல்லேலுமோ அண்ணை?"

"ஏன், நீங்கள் சொல்லுங்கோவன்."

"எங்களாலையும் ஏலாது. ரெண்டுக்கும் ஒரே நம்பரைக் குத்திப்போட்டம்."

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தொலைபேசியை வைக்காமலே செட்டில் கூப்பிடத் தொடங்கியது எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லி, "ஏழை நம்பாதையுங்கோ, நான் சொன்னது பிழை, அணைச்சுப்போட்டு வெளியிலை நில்லுங்கோ" என்றார். 'நான் சொன்னது பிழை' என்பதை அவர் ஒவ்வொரு படகுக்கும் சொன்னார். சொல்லியிருக்கத் தேவையில்லை. அன்றைக்கு அந்த மனிதரில் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் பதில் சொல்லின.

ராசனின் படகு மட்டும் மிச்சம்.

நாங்கள் காத்திருந்தோம். கஜன் யன்னலடியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக அப்படிப் பயந்தது எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் என்ன நினைத்தாரோ, மேலே ஏறி வந்து எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறிப்போனது.

மழை கொஞ்சம் அடங்கிய பிறகு தொலைபேசி அடித்தது. மலர். அழுதுகொண்டிருந்தாள், எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, "வந்திட்டார், கரைக்கு வந்திட்டார்" என்றாள்.

நடந்ததை அவள் பிறகு சொன்னாள். விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தரம் மணி போயிருக்கிறது. ராசன் எடுத்திருக்கிறார். இஞ்சாருங்கோ, அப்பை நிப்பாட்டுங்கோ என்று இவள் கத்த, அவர் சிரித்தாராம். "நான் பாதை வாயிலை நிக்கிறன். உள்ளுக்கை வாறன், வையும். ஏழுதானே வைச்சிருக்கிறன்." இவள், "ரெண்டு ஏழாம். உங்கடை பிழையான ஏழாம். என்ரை கையிலை இருக்கிற ஏழு என்னைச் சந்தையிலை காட்டுது, நான் வீட்டை நிக்கிறன்" என்றிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எஞ்சினை அணைத்து நங்கூரம் போட்டிருக்கிறார். மழை மெலிந்து கரை தெரிந்தபோது பாதை வாய் கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடந்ததாம். அவருக்கு நேரே முன்னால், அவர் திருப்ப இருந்த பக்கம், முருகைக்கல்லில் கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்ததாம்.

அன்றைக்கே ஒன்பது கட்டி, ஆறுதலாகச் சோதித்து, வெளியே வைத்தோம். எட்டு என்று ஒரு பதிப்பு வரவே இல்லை, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவும் இல்லை. பெரியவரின் கணக்கைப் பூட்டுகிற வசதியையே கஜன் பிடுங்கி எறிந்தான். இன்றைக்கு நீங்கள் தேடினாலும் அது கிடைக்காது. சுவரில் இருக்கிற சட்டத்தை எழுதியதும் அவன்தான். ஓர் எண் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அது போனதுதான். பிழையாக இருந்தாலும், அரை நிமிடம் மட்டும் வெளியே இருந்தாலும், ஒருவரும் தொடவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும், அடுத்த எண்ணுக்குப் போங்கள். எண்கள் தீர்ந்துபோகாது.

கஜனும் நானும் அந்த வாரமே பஸ் ஏறி வல்வெட்டித்துறைக்குப் போனோம். ராசன் முற்றத்தில் வலை திருத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ, இருங்கோ" என்றார். அவருக்கு எங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. கடல் அப்படித்தான் என்று சிரித்தார். கோபம் மலருக்கு. அவருடைய தொலைபேசியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அது இல்லாமல்தான் அவர் கடலுக்குப் போய்வந்தார். அவர் புறப்படும்போது அவள் ஒரு சொல் கதைப்பதில்லை, உள்ளுக்குப் போய்விடுவாள் என்று ராசன்தான் எங்களுக்குச் சொன்னார்.

"அக்கா, பிழை என்ரை" என்றான் கஜன்.

மலர் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள். "நான் கடலுக்குப் போறேல்லை. அங்கை அவர் என்னத்தைப் பாக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. நம்பர் ஒண்டெண்டா ரெண்டு பேரும் ஒண்டைத்தான் பாக்கிறம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். இப்ப என்னத்தைக் கேட்டு நம்பிறது?"

பிள்ளைகளே, நான் எத்தனையோ கருத்தரங்குகளில் இருந்திருக்கிறேன். பதிப்பெண் எதற்கு என்று அதைவிடத் தெளிவாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது நமது வசதிக்காக இல்லை. பக்கத்தில் இல்லாத ஒருவர், இன்னொருவர் கையில் என்ன இருக்கிறது என்று அறிவதற்காக. அன்றைக்கு அவர்கள் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஒன்பதுக்குப் பிறகு பத்து வந்தது, அதற்குப் பிறகும் பல வந்தன. பீட்டாக்கள் முடிந்ததும், வெளியீட்டுக்கு முந்தியவை என்று சிலதைக் கட்டி, அவற்றையும் கடலில் இழுத்துப் பார்த்தோம். வாடை போய்த் தென்மேற்குக் கச்சான் காற்று வந்தது. ஒருநாள் பெரியவர் சிறு கோடும் பீட்டாவும் இல்லாமல், வெறும் 2.0.0 என்று குத்தி மணியடித்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கஜன் கைதட்டவில்லை. மறுநாள் விடிய நானும் அவனும் முதல் பஸ்ஸில் வல்வெட்டித்துறைக்குப் போனோம்.

ராசன் கடலுக்குப் புறப்பட நின்றார். கஜன் மலரின் தொலைபேசியை வாங்கி, புதியதை இறக்கி, அவள் கையில் கொடுத்தான். அவள் திரையின் அடியை உற்றுப் பார்த்தாள்.

"நம்பருக்குப் பின்னாலை இருந்ததைக் காணேல்லை."

"அது சோதிக்கிற காலத்துக்கு அக்கா. இது முடிஞ்சது."

"அப்ப இது இனி மாறாதோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். நானாக இருந்தால் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"மாறும் அக்கா" என்றான். "ஆனா உங்களுக்குச் சொல்லாமல் மாறாது."

மலர் உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. புருசனின் தொலைபேசியைக் கொண்டுவந்து கஜனிடம் நீட்டினாள். அவன் அதிலும் இறக்கிக் கொடுத்தான். இரண்டையும் உள்ளங்கைகளில் பக்கத்துப் பக்கமாக வைத்து, மெதுவாக, வாய்க்குள் வாசித்தாள். ராசன் தோளில் வலையோடு படலையடியில் நின்றார். அவள் நடந்துபோய் அவருடையதை அவரின் சட்டைப் பையில் வைத்தாள்.

"சரி" என்றாள். "போயிட்டு வாங்கோ."